பாம்பனுக்கு வந்த பல் மருத்துவப் பேருந்து

பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று பாம்பனில் நடத்திய இலவச முகாமுக்கு மாமனாரை அழைத்துப் போனேன். மாணவர்களின் ஆய்வுக்குக் கிடைத்த பரிசுச் செய்தியைப் பேருந்தின் கதவில் ஒட்டியிருந்தார்கள். என்னைக் கேட்டால், உள்ளே நடந்த வேலைதான் அதைவிடப் பெரிய சாதனை.

கருவிப் பையை ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே பிரிக்கிறார்கள். மாமனாரைப் பார்த்த பெண், நான்காண்டுப் படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர். ஆடுகிற கடைவாய்ப் பல்லைக் காட்டத்தான் போனோம். அவரோ சிறு கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கி, புகையிலை அடக்கும் இடத்தை விரலால் தடவினார். அங்கே சொரசொரப்பாக ஒரு வெள்ளைத் திட்டு. "வலிக்காது ஐயா, அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு இது புற்றுநோயாக மாறலாம். துளி சதை எடுத்துச் சோதித்துவிடுவோம்" என்றார். பேராசிரியரையும் அழைத்துக் காட்டினார். வீட்டில் நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்காத மனிதர், இடுப்பிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

பல் எடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசைக்குத்தான் பந்தல் இல்லை. வயதானவர்கள் வெயிலில் வாடினார்கள். படகுக்காரர்களும் குறைவாகவே வந்தார்கள், காலையில் அவர்களுக்கு மீன் பிரிக்கிற வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அடுத்த முகாமை அப்போது வையுங்கள். தெருத் தெருவாகச் சொல்லி ஆள் சேர்ப்பது என் பொறுப்பு.