நாலு கடதாசியும் உண்மை, பட்டம்தான் இல்லை

"ஆங்கில மொழி கற்பித்தலில் கலாநிதிப் பட்டம். முழுக்க ஒன்லைன். 14 மாதம். பிரித்தானிய அங்கீகாரம். தவணை முறை உண்டு."

திருகோணமலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படியொரு போஸ்டர் சுற்றுகிறது. இதை நம்பிச் சேர்ந்து, காசு முழுவதையும் கட்டி, சான்றிதழும் கையில் வாங்கிய ஓர் ஆங்கில ஆசிரியையின் கோப்பை அவருடைய சம்மதத்தோடு பார்த்துவிட்டு இதை எழுதுகிறோம். அவருடைய பெயர் வேண்டாம். நிறுவனத்தின் பெயரையும் போடவில்லை. இந்த வகைக் கடைகள் பெயர்ப்பலகையை மாற்ற ஒரு கிழமை போதும்; பெயரை வைத்துத் தப்பலாம் என்று யாரும் இருந்துவிடக்கூடாது.

கட்டியது இவ்வளவு: பதிவுக்கு 35,000, பிறகு 240,000 வீதம் மூன்று தவணை. கடைசியில் கொழும்பு ஹோட்டலில் நடந்த பட்டமளிப்பு விழாவுக்கு, அங்கியும் படமும் சேர்த்து 95,000. இந்தக் கடைசித் தொகை முதலில் கொடுத்த கட்டண விபரத்தில் இல்லை. மொத்தம் எட்டரை இலட்சம். பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளர் பதவியொன்றுக்கு விண்ணப்பித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நேர்முகப் பரீட்சைச் சபை, பட்டத்தை அங்கீகரிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதத்தைக் கேட்டது. அப்படியொரு கடிதம் இல்லை, இனி எடுக்கவும் முடியாது. முன்னர் படித்த டெசல் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல்) முதுமாணிக்கு மட்டும் புள்ளி கிடைத்தது.

கோப்பைப் புரட்டியபோது எங்களுக்கே வியப்பாக இருந்த விஷயம், அவரை நம்பவைத்த நாலு கடதாசியில் ஒன்றுகூடப் போலி இல்லை என்பதுதான். எல்லாம் உண்மை, ஆனால் வேறு ஏதோ ஒன்றுக்கு.

முதலாவது, பிரித்தானியக் கம்பனிப் பதிவுச் சான்றிதழ். அதன் விபரத்தில் 85422 என்ற இலக்கம் இருக்கிறது. "பட்டப்பின் உயர்கல்வி" என்பது அதன் பொருள். முகவர் இந்த வரியைத்தான் மஞ்சள் நிறத்தில் கோடிட்டு அனுப்பியிருக்கிறார். ஆனால் அது கம்பனி பதிகிறவர் தானே பட்டியலில் பார்த்துத் தெரிவு செய்யும் தொழில் வகை இலக்கம். பட்டம் வழங்க உரிமை இருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. கம்பனிப் பெயரில் "யுனிவர்சிட்டி" என்ற சொல்லைச் சேர்க்க அங்கே தனி அனுமதி வேண்டும். அதனால்தான் இந்த நிறுவனங்களின் பெயரெல்லாம் காலேஜ், அகடமி என்று முடிகின்றன.

இரண்டாவது, எட்டு இலக்கமுள்ள பிரித்தானியக் கற்பித்தல் வழங்குநர் எண். அது விலாசப் புத்தகத்தில் பெயர் இருப்பது மாதிரி. நிறுவனம் இருக்கிறது என்று சொல்லும். தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது, இங்கே உள்ள முகவர் நிலையத்துக்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு கொடுத்த பதிவு. அரச முத்திரை என்பதால் எல்லோரும் மயங்குவது இதில்தான். அந்த ஆணைக்குழுவின் தொழிற் தகைமைச் சட்டகம் 7ஆம் மட்டத்தோடு, அதாவது இளமாணிப் பட்டத்துக்குச் சமமான இடத்தோடு முடிகிறது. கலாநிதிப் பட்டம் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 12ஆம் மட்டம். தையல், கணினி வகுப்புக்காக எடுத்த பதிவை வைத்துக் கலாநிதிப் பட்டம் விற்கிறார்கள்.

நாலாவதுதான் மிகவும் நுட்பமானது: "லெவல் 8 டிப்ளோமா". இங்கிலாந்தின் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டமும் 8ஆம் மட்டம்தான். ஆகவே "லெவல் 8 என்றால் பிஎச்.டி.க்குச் சமம்" என்று சொல்லும்போது பொய் மாதிரியே தெரியாது. மட்டம் என்பது பாடத்தின் கடினத்தைச் சொல்வது, அளவைச் சொல்வது அல்ல. அங்கே தொழில்சார் கலாநிதிப் பட்டம் வழக்கமாக 540 கிரெடிட். அதில் குறைந்தது 360 கிரெடிட் 8ஆம் மட்டத்தில் இருக்கும். ஆசிரியையின் பெறுபேற்றுத் தாளில் இருந்தது 120. அந்த டிப்ளோமாவுக்கு மேல் "டொப்-அப்" என்ற பெயரில் ஒரு கட்டுரையை எழுதுவித்து, கரீபியத் தீவொன்றில் பதிந்த "பங்காளிப் பல்கலைக்கழகம்" பட்டத்தை அச்சிட்டிருக்கிறது. பிரித்தானியப் பட்டம் என்று அச்சிட முடியாது. அனுமதியில்லாமல் அப்படிச் செய்வது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம். போஸ்டரில் பிரித்தானியக் கொடி, சான்றிதழில் தீவின் பெயர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 10 மணித்தியாலப் படிப்பு. 540 கிரெடிட்டுக்கு 5,400 மணித்தியாலம். கிழமைக்கு 20 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 270 கிழமை, ஐந்து வருடத்துக்கு மேல். 14 மாதத்தில், அதாவது ஏறத்தாழ 60 கிழமையில் முடிப்பதென்றால் கிழமைக்கு 90 மணித்தியாலம் படிக்க வேண்டும். பாடசாலைக்கும் போய், பின்னேரம் ரியூஷனும் எடுத்துக்கொண்டு.

ஒன்லைனில் படிக்கக்கூடிய உண்மையான எட்.டி., அதாவது கல்வித்துறைக்கான தொழில்சார் கலாநிதிப் பட்டம், இருக்கத்தான் செய்கிறது. பிரித்தானியாவில் 1992இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு பரவிய பட்டம் அது. முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கென்றே அமைத்தது. முதற்கட்டத்தில் பாடநெறிகளும் ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் சொற்களில் ஒப்படையும். இரண்டாம் கட்டத்தில் பெரும்பாலும் 40,000 முதல் 50,000 சொற்கள் வரையான ஆய்வேடு. முடிவில் வெளிவாரிப் பரீட்சகர் முன்னால் வாய்மொழித் தேர்வு. முதுமாணி, கற்பித்தல் அனுபவம், ஆய்வு முன்மொழிவு, இரண்டு பரிந்துரை, ஐஈஎல்டிஎஸ் பெறுபேறு என்று எல்லாம் கேட்டுத்தான் அனுமதி கொடுப்பார்கள். கட்டணமும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்.

நேரம் போவது எழுத்தில் மட்டும் இல்லை. மூதூரில் தரம் 9 ஆங்கில வகுப்பில் ஆசிரியர் எப்போது தமிழுக்கு மாறுகிறார் என்று ஆராயப்போகிறீர்கள் என்று வையுங்கள். பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி தரவேண்டும், கல்வி அதிகாரிகளும் அதிபரும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும், பெற்றோரின் சம்மதப் படிவம் தமிழில் போய்த் திரும்பி வரவேண்டும். அதற்குள் தவணைப் பரீட்சை வந்துவிடும். பிறகு வகுப்பில் பதிந்த ஒலியைக் கேட்டு எழுத்தாக்குவது: ஒரு மணித்தியால ஒலிக்கு ஐந்தாறு மணித்தியால வேலை, இரண்டு மொழி கலந்தால் இன்னும் கூட. இதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் "தலைப்பு அப்ரூவ்ட்" என்று மறுநாளே பதில் வந்தால், அந்த ஆய்வேட்டை வாசிக்க அங்கே ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியைக்கு அப்படித்தான் வந்தது. மூன்றாம் அத்தியாயத்துக்கு மேற்பார்வையாளர் எழுதிய கருத்து ஒரே வரி: "நன்று, தொடரவும்." அதோடு வந்த எழுத்துத் திருட்டுச் சோதனை அறிக்கையில், பிறர் எழுத்தோடு ஒற்றுமை 8 வீதம். கீழே சொல் எண்ணிக்கை 3,112 என்று இருந்தது. அவர் அனுப்பிய அத்தியாயமோ ஒன்பதாயிரத்துக்கு மேல். அந்த அறிக்கையும் உண்மையானதுதான், வேறு யாருடையதோ. வாய்மொழித் தேர்வு பற்றிக் கேட்டதற்கு முகவர் அனுப்பிய குரல் பதிவு இன்னும் அவர் போனில் இருக்கிறது: "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மிஸ், வைவா எல்லாம் இல்ல. ஸூம்ல பத்து நிமிஷம் ஒரு பிரசன்டேசன், அவ்வளவுதான்."

சேர முதல் பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் நாட்டுக்கு. இங்கிலாந்து என்றால் உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் மாணவர் அலுவலகத்தின் (Office for Students) பதிவேட்டிலும், பட்டம் வழங்கும் அதிகாரமுள்ள நிறுவனங்களின் அரச பட்டியலிலும் தேடுங்கள். அவுஸ்திரேலியா என்றால் உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் டெக்ஸாவின் (TEQSA) தேசியப் பதிவேடு. அமெரிக்கா என்றால் அங்கீகாரச் சபைகளை அங்கீகரிக்கும் சீயாவின் (CHEA) தரவுத்தளமும் கல்வித் திணைக்களத்தின் தரவுத்தளமும். "எங்களுக்குச் சொந்த அங்கீகாரச் சபை உண்டு" என்பார்கள், அந்தச் சபையையும் அங்கேயே தேட வேண்டும். இந்தியா வழியாக வெளிநாட்டு ஒன்லைன் பிஎச்.டி. என்று யாராவது வந்தால், அங்குள்ள மானியக் குழுவே 2022 ஒக்டோபரில் அதை ஏற்கமாட்டோம் என்று அறிவித்துவிட்டது. நமது மானியங்கள் ஆணைக்குழு உலக உயர்கல்வித் தரவுத்தளத்தையும் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் வைத்துத்தான் பார்க்கிறது. ஆணைக்குழுவுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள்; முகவர் காட்டும் கடிதத்தின் பிரதி போதாது. பெயரில் ஒரு சொல் முன்பின் மாறியிருந்தாலும் அது வேறு நிறுவனம்.

இணைய முகவரியில் ஒரு சின்ன விஷயம். "ஏசி டொட் யூகே" என்று முடிவது கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் முகவரி. வெறும் "டொட் ஏசி" அசென்ஷன் தீவினுடையது, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். ஆசிரியையின் "பல்கலைக்கழகம்" இரண்டாவது வகை.

பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, நீங்களாகத் தேடி எடுத்த முகவரிக்கு மின்னஞ்சல் போட்டு, இந்த முகவர் உங்களுடையவரா, இந்தப் பாடநெறி உங்களுடையதா என்று கேளுங்கள். மேற்பார்வையாளரின் பெயரைச் சேர முதலே கேளுங்கள். காசைப் பல்கலைக்கழகம் தரும் விலைப்பட்டியலின்படி (இன்வொய்ஸ்), அதன் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி மூலம் அனுப்புங்கள். தனியாள் கணக்கைத் தந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். சான்றிதழில் தூதரக முத்திரையோ நொத்தாரிசு முத்திரையோ இருப்பதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். அது கையெழுத்துக்கான முத்திரை, படிப்புக்கானது அல்ல.

இன்னொன்று, நல்ல பல்கலைக்கழகமாக இருந்தாலும்: நீங்கள் போக நினைக்கும் பதவிக்கு எட்.டி. செல்லுமா என்று அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வையுங்கள். பல்கலைக்கழக ஆட்சேர்ப்பில் பட்டத்தின் பெயரோடு ஆய்வுக்கூறு எவ்வளவு, எத்தனை வருடம் என்றும் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே காசு கட்டியவர்கள் அடுத்த தவணையை நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத்தபாலில் எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைக் குரல் பதிவுகளோடு ஏற்றுமதி செய்து வையுங்கள், குழுவை விட்டு வெளியேறுவது அதற்குப் பிறகு. அட்டையால் கட்டியிருந்தால் வங்கியில் உடனே தகராறு பதியுங்கள்; அதற்குக் கால எல்லை உண்டு. நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு முறையிடலாம். ஏமாற்றிப் பணம் பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வருவதால் பொலிஸிலும் முறைப்பாடு போடலாம். அந்தக் "கலாநிதி"யை மட்டும் எந்த விண்ணப்பத்திலும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து ஏமாற்றியவர் என்ற இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

பற்றுச்சீட்டுகளை இன்றே போட்டோக்கொப்பி எடுங்கள். முகவர் கொடுத்தது பில் மெஷின் தாள். ஆசிரியையின் முதல் தவணைச் சீட்டில் இப்போது திகதி மட்டும்தான் தெரிகிறது.