மூணு வருஷமா வைட்ல ஓட்டுறேன், இந்த லோக்கல்ஹோஸ்ட் தான் உயிர எடுக்குது

"அண்ணா, எங்க ப்ராஜெக்டையும் வைட்டுக்கு மாத்திடலாமா"ன்னு பக்கத்து ரூம் தம்பி நேத்து கேட்டான், அதனால தான் இத எழுதுறேன். வைட்னா (Vite) வெப் ஆப் எழுதும்போது அத நம்ம லேப்டாப்லயே ஓட்டி பாக்கவும், கடைசில பில்ட் பண்ணவும் உதவுற டூல். அது ஃப்ரெஞ்சு வார்த்தை, வீட்னு தான் சொல்லணுமாம், எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அது வைட் தான்.

வேகம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். மொத்த ஆப்பையும் முன்னாடியே பண்டில் பண்ணாம, அதாவது ஒண்ணா சேத்து கட்டாம, பிரவுசர் கேக்குற ஃபைல மட்டும் அப்பப்ப குடுக்கும், அதனால பெரிய ப்ராஜெக்ட்டும் டக்குனு எழுந்துடும். எனக்கு அதவிட பிடிச்சது என்னன்னா, பெங்களூரு மாரத்தஹள்ளில மழை பெஞ்சு கரண்டும் வைஃபையும் சேர்ந்து போற சாயங்காலம் கூட சார்ஜ் இருக்குற வரைக்கும் ஃப்ரண்ட்எண்ட் (யூசர் பாக்குற பக்கம்), ஃப்ளாஸ்க் ஏபிஐ (பின்னாடி டேட்டா குடுக்குற பைத்தான் சர்வர்), டேட்டாபேஸ் எல்லாம் லேப்டாப்புக்குள்ளயே ஓடிட்டு இருக்கும். அந்த நிம்மதிய சொல்லி புரிய வைக்க முடியாது.

இப்ப என் கோவத்துக்கு வரேன். போன வாரம் லேப்டாப் சர்வீஸ்ல இருந்து வந்துச்சு, டிஸ்க் காலி, எல்லாத்தையும் திரும்ப போட்டேன். வைட்டோட 5173 போர்ட்ல பேஜ் வருது, லாகின் பண்ணா, ரிக்வெஸ்ட்ட ஏபிஐக்கு அனுப்புற வைட் ப்ராக்ஸில கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, ::1:5000னு காட்டுது. ஏபிஐ ஓடல போலன்னு பாத்தா அது பாட்டுக்கு 127.0.0.1ல நல்லா ஓடிட்டு இருக்கு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபயர்வால பாத்தேன், போர்ட்ட மாத்தினேன், நோட் மாட்யூல்ஸ (இன்ஸ்டால் பண்ண பேக்கேஜெல்லாம்) அழிச்சு திரும்ப போட்டேன், ஒண்ணும் நடக்கல. விஷயம் என்னன்னா, லோக்கல்ஹோஸ்ட்ங்கறது நம்ம மெஷினுக்கே உள்ள பேரு, அதுக்கு 127.0.0.1 (ஐபிவி4), ::1 (ஐபிவி6)னு ரெண்டு அட்ரஸ் உண்டு. வைட் ஓடுறதே நோட்ஜேஎஸ் மேல தான், அதுல 2021ல வந்த 17ல இருந்து ஐபிவி4 அட்ரஸ முன்னாடி வைக்கிற பழக்கம் போயிடுச்சு, சிஸ்டம் எந்த வரிசைல குடுக்குதோ அப்படியே எடுத்துக்கும், லோக்கல்ஹோஸ்ட்னா என் மெஷின்ல முதல்ல வர்றது ::1, ஃப்ளாஸ்க் காத்துட்டு இருக்குறதோ 127.0.0.1ல மட்டும். நோட் 20ல ரெண்டு அட்ரஸையும் முயற்சி பண்ணி பாத்துடும், எங்க ப்ராஜெக்ட் இன்னும் 18லயே நிக்குது. பழைய டிஸ்க்ல என்வ் ஃபைல்ல (செட்டிங்ஸ் வைக்கிற .env) 127.0.0.1னு நேரா எழுதி வச்சிருந்தேன், அது கிட்ல ஏத்துற ஃபைல் இல்லையே, டிஸ்க்கோட சேர்ந்து போச்சு, ப்ராக்ஸியும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கே திரும்பிடுச்சு. ஒரே ஒரு வரிக்கு ஒரு ராத்திரி!

வைட் மேல முழுப்பழியையும் போட்டா நியாயம் இல்ல, அது கேட்ட அட்ரஸுக்கு தான் போச்சு. ஆனா அந்த எரர் பக்கத்துலயே "127.0.0.1 போட்டு பாரு"ன்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா நான் தூங்கியிருப்பேன்.

இன்னொண்ணு, டெவ்ல ஓடுதுன்னு நம்பி அப்படியே புஷ் பண்ணாதீங்க, பில்ட் பண்ணி ப்ரிவ்யூ போட்டு 4173 போர்ட்ல ஒரு தடவ பாத்துடுங்க. ஆனா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருந்தா, ப்ரிவ்யூ பாத்தாலும் பொதுவா மேக்ல தெரியாது, லினக்ஸ் சர்வர்ல போய் தான் உடையும். ஃபோன்ல டெஸ்ட் பண்ண வைட்ட --host ஆப்ஷனோட ஓட்டணும், அப்ப தான் அதே நெட்வொர்க்ல இருக்குற ஃபோனுக்கு தெரியும், எங்க பிஜி வைஃபைல ஒரு டிவைஸுக்கு இன்னொண்ணு தெரியாது, அதனால ஃபோன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்ப போட்டு தான் பாக்குறேன்.

தம்பிகிட்ட இப்ப மாத்தாதன்னு சொல்லிட்டேன். அவங்களும் நோட் 18, அடுத்த மாசம் ரிலீஸ் வேற. ஆனா என் ப்ராஜெக்ட்ட பழைய செட்டப்புக்கு திருப்புன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.