ஹைட்டி இடிபாடுகள்: கம்பியை அளப்பதா, கடனைத் தோண்டுவதா?

2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம். அடுத்த மாதம் சிலியில் 8.8. சிலியில் இறந்தவர்கள் ஐந்நூறு சொச்சம். ஹைட்டியில் எத்தனை பேர் என்பதே இன்னும் சர்ச்சை. லட்சக்கணக்கில் என்றது அரசு. இந்த வேறுபாட்டை விளக்கும் ஆய்வுகள் இரண்டு ரகம்.

பொறியியல் ரகம் இடிபாட்டைப் புரட்டிப் பார்க்கிறது: சிமென்ட் போதாத கல், பிடிப்பில்லாத வழவழப்புக் கம்பி. ஹைட்டியில் மையப்புள்ளி தலைநகரை ஒட்டியே இருந்ததையும் அது மறப்பதில்லை.

கட்டமைப்பு வன்முறை ரகமோ, அதாவது சமூக, பொருளாதார அமைப்பே மக்களுக்கு இழைக்கும் தீங்கைத் தேடும் ரகமோ, அந்தக் கல்லில் சிமென்ட் ஏன் குறைந்தது என்று கேட்கிறது. 1969-இல் நார்வேயின் அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் முன்வைத்த கருத்து இது. ஹைட்டிக்குப் பொருத்திக் காட்டியவர் மருத்துவர் பால் ஃபார்மர். விடுதலைக்கு விலையாக 1825-இல் பிரான்ஸ் கேட்ட 15 கோடி பிராங்க் வரை கதை பின்னோக்கிப் போகிறது: அந்தக் கடன் தந்த வறுமைதான் சிமென்ட்டைக் குறைத்தது என்பது வாதம். கேள்வி அருமைதான். ஆனால் பக்கத்து வீடு மட்டும் ஏன் நின்றது என்றால் பதில் இல்லை. எல்லாவற்றையும் விளக்கும் காரணம் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

அப்புறம் அக்டோபரில் காலரா வந்தது. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததைக் காட்டிக்கொடுத்தவை நோய்ப்பரவல் வரைபடமும் கிருமியின் மரபணுவும். அந்த ஆற்றுநீரையே மக்கள் ஏன் குடித்தார்கள் என்பதற்கு இரண்டாவது ரகம்தான் வேண்டும். ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016-இல். அளந்து காட்டிய ஆதாரம் இல்லாமல் அதுவும் நடந்திருக்காது. அதனால் நான் முதலில் புரட்டுவது அளவீட்டு ஆய்வைத்தான்.