கீபோர்டுத் தாமதம்: பஃபரைக் குறைப்பதா, இன்டர்ஃபேஸை மாற்றுவதா, சுமையை இறக்குவதா?

கட்டை அழுத்தங்களை ஒலியாக அல்லாமல் செய்தியாகக் கணினிக்கு அனுப்பும் மிடி கீபோர்டில் கட்டையை அழுத்தியபின் சற்றுக் கழித்தே, கணினியில் மென்பொருளாக இயங்கும் மெய்நிகர் பியானோவின் ஒலி காதுக்கு வந்து சேர்கிறது என்ற குறைக்கு வழக்கமாக நான்கு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. கணினி ஒலியை ஒரே தடவையில் உருவாக்கி அனுப்பும் துண்டான பஃபரின் அளவைக் குறைக்கலாம். கணினிக்கு ஒலியை உள்ளும் வெளியும் கொண்டுசெல்லும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸை, நல்ல டிரைவருடன் (அதைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) வருவதாக மாற்றலாம். பதிவு மென்பொருளில் திறந்திருக்கும் ப்ராஜெக்ட்டின் சுமையை இறக்கலாம். அல்லது கீபோர்டின் சொந்த ஒலியைக் கேட்டபடி மிடியை மட்டும் பதிவு செய்யலாம். இவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோலப் பேசப்படுகின்றன. உண்மையில் இந்த நான்கும் வெவ்வேறு தாமதங்களுக்கான மருந்துகள் என்பதால், தாமதம் எங்கே பிறக்கிறது என்று பாராமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீண் செலவில்தான் முடியும்.

முதலில் பழியைக் கீபோர்டின் மீதிருந்து இறக்கிவிடலாம். 1983இல் வெளிவந்த மிடி தரநிலை விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் இயங்குவதால், பழைய வட்ட முனைக் கேபிளில்கூட ஒரு ஸ்வரத்தின் செய்தி ஏறக்குறைய 1 மில்லி விநாடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாமதத்தின் பெரும்பங்கு அதற்குப் பிறகு, கணினி ஒலியை உருவாக்கி வெளியே அனுப்பும் பாதையில் சேர்கிறது. பாடகருக்கோ கிதார் வாசிப்பவருக்கோ ஒலி உள்ளே போய் வெளியே வரும் முழுச்சுற்றும் கணக்கில் வரும். மெய்நிகர் கருவியை வாசிப்பவருக்கு ஒலி வெளியேறும் பாதி மட்டுமே பொருட்டு. ஆகவே அமைப்புப் பக்கத்தில் தெரியும் முழுச்சுற்று எண்ணைப் பார்த்து அவர் கவலைப்பட வேண்டியதில்லை. உள்ளே வரும் ஒலியைக் கணினிக்குள் சுற்றாமலே காதுக்குத் திருப்பும், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரிங் பொத்தானும் இங்கே உதவாது, ஏனெனில் ஒலியே கணினிக்குள்தான் பிறக்கிறது.

பஃபரைக் குறைப்பது செலவில்லாத வழி. அதனாலேயே முதலில் சொல்லப்படுகிறது. 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் வீதத்தில், அதாவது விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற கணக்கில், 1,024 சாம்பிள் பஃபர் என்றால் 23.2 மில்லி விநாடி, 512 என்றால் 11.6, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. டிரைவர் தன் பாதுகாப்புக்கென வைத்துக்கொள்ளும் கூடுதல் இடமும், எண்களை மின் அலையாக மாற்றும் சுற்றின் தாமதமும் இதன்மேல் சேரும். ஒலி காற்றில் 1 மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் பயணிக்கிறது. 128இலிருந்து 64க்கு இறங்கிப் பெறும் லாபம், ஸ்பீக்கரை அரை மீட்டர் அருகில் இழுத்து வைப்பதற்குச் சமம். அதற்கு ஈடாக, ஒவ்வொரு துண்டையும் முடித்துக்கொடுக்க ப்ராசஸருக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகி, கனமான கருவிகளில் வெடிப்பொலி கேட்கத் தொடங்குகிறது. 128இல் நின்றுவிடுவதே என் தேர்வு. தாள வாத்தியங்களை விரலால் தட்டி வாசிப்பவர் மட்டும் 64ஐ முயன்று பார்க்கலாம். சாம்பிள் வீதத்தை 96,000க்கு உயர்த்தினாலும் தாமதம் குறையும்தான், ஆனால் ப்ராசஸரின் சுமை அதே அளவுக்கு ஏறுவதால் அது சுற்றுவழி.

இன்டர்ஃபேஸை மாற்றுவதன் பயன், இப்போது எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்டோஸின் பொதுவான ஒலிப்பாதையில் வாசிப்பவருக்கு, ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ முறையில் இயங்கும் டிரைவர் கிடைத்தால் வேறுபாடு உடனே விரலில் தெரியும். மேக் கணினியில் கோர் ஆடியோ உள்ளிணைந்தே வருவதால் அவ்வளவு பெரிய தாவல் இருக்காது. ஏற்கெனவே சொந்த ஆசியோ டிரைவருடன் வரும் இன்டர்ஃபேஸ் கையில் இருந்தால், அதைவிட விலையுயர்ந்ததை வாங்குவதால் மிச்சமாவது சில மில்லி விநாடிகளே. அந்தப் பணத்தை நினைவகத்துக்குச் செலவிடுவது மேல். புளூடூத் ஹெட்போனில் கேட்டபடி தாமதம் என்று புலம்புவோருக்கு இவற்றில் எதுவுமே பயன் தராது. கம்பியுள்ள ஹெட்போன் ஒன்றுதான் தீர்வு.

மூன்றாவது வழியான சுமை இறக்குதலை நான் முதலிடத்தில் வைப்பேன், ஏனெனில் பஃபர் 64இல் இருந்தும் தாமதம் குறையாத வழக்குகளில் குற்றவாளி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில் உள்ள, அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ, ஒலியின் உச்சங்களை முன்கூட்டிப் பார்த்து அடக்கும் லிமிட்டரோ தன் வேலைக்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நேரடியாக வாசிக்கும் ஒலியும் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. 4,096 சாம்பிள் தாமதம் கொண்ட ஒரே ப்ளக்-இன் (இப்படி ஒலியை மாற்றும் துணை மென்பொருள்), 44,100 ஹெர்ட்ஸில் 93 மில்லி விநாடியைச் சேர்த்துவிடும். பஃபரில் அரும்பாடுபட்டுச் சேமித்ததெல்லாம் இதன் முன் ஒன்றுமில்லை. சோதிப்பது எளிது: அதே கருவியை வெற்று ப்ராஜெக்ட்டில் திறந்து வாசித்துப் பாருங்கள், தாமதம் மறைந்தால் பழி ப்ளக்-இன் மீதே. பதிவு மென்பொருள்களான லாஜிக் ப்ரோவில் லோ லேட்டன்சி மோட், கியூபேஸில் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன் ஆகியவை பதிவின்போது இத்தகைய ப்ளக்-இன்களை ஒதுக்கிவைக்கின்றன. முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்தால் (தற்காலிக ஒலிக் கோப்பாக உறையவைத்தால்) ப்ராசஸருக்கு மூச்சுவிட இடம் கிடைத்து, சிறிய பஃபரும் தாங்கும். மிக்ஸிங்குக்கான ப்ளக்-இன்களைப் பதிவு முடியுமுன்பே அடுக்கும் பழக்கம்தான் இந்தத் தொல்லையின் வேர்.

கீபோர்டின் சொந்த ஒலியைக் கேட்டு வாசிப்பது, கணினி பழையதாகவும் ப்ராஜெக்ட் கனமாகவும் இருக்கும்போது கைகொடுக்கும். கட்டைகள் கீபோர்டின் சொந்த ஒலியை எழுப்பச் செய்யும் லோக்கல் கன்ட்ரோலைத் திறந்துவைத்து, ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிட்டால் கணினியின் தாமதம் காதுக்கு வராது. ஆனால் இதன் விலை சிறியதல்ல: ஒரு பியானோவின் அழுத்த உணர்வுக்கு ஏற்ப வாசித்தது வேறொரு பியானோவில் ஒலிக்கும்போது மென்மையும் வன்மையும் இடம் மாறிவிடுகின்றன. ஒலியே இல்லாத கன்ட்ரோலர் வைத்திருப்பவர், இலகுவான மெய்நிகர் பியானோ ஒன்றில் வாசித்துப் பதிவுசெய்தபின் கனமானதை அதன் இடத்தில் பொருத்தலாம். குறை மட்டும் அதுவேதான்.

இந்த நான்கிலும் அடங்காத தாமதம் ஒன்று உண்டு. ஸ்வரங்களை இடைவெளியின்றி இணைத்து ஒலிக்கும் லெகாட்டோ வகை வயலின் தொகுப்புகளில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் பகுதியும் சேர்த்தே பதிவாகியிருப்பதால், ஸ்வரம் முழுமையாகக் கேட்க 100 மில்லி விநாடிக்கு மேலும் ஆகலாம். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அது அசையாது. உடனடியாக ஒலிக்கும் வேறொரு பேட்சில் (ஒலியமைப்பில்) வாசித்துப் பதிவுசெய்து, பின்னர் லெகாட்டோவுக்கு மாற்றி, ட்ராக் முன்கூட்டியே ஒலிக்கும்படி அதன் டிலேயை எதிர்மறை எண்ணில் வைப்பதே இதற்குச் சரியான வழி. ஸ்வரங்களைத் தாளக் கட்டத்தில் தானாகப் பொருத்தும் க்வான்டைஸ் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்புவோரும் உண்டு. தாமதமாகக் கேட்பதால் விரல் முந்திக்கொள்ளும்போது பதிவான ஸ்வரங்கள் தாளத்துக்கு முன்னே விழுகின்றன. அந்த முந்தல் சீராக இருந்தால், மொத்தப் பதிவையும் அதே அளவு பின்னுக்குத் தள்ளினால் போதும், வாசிப்பின் நெளிவுசுளிவு குலையாது. க்வான்டைஸோ முந்தலோடு சேர்த்து அந்த நெளிவையும் துடைத்துவிடுகிறது.