‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளம்: உலகப் பிரச்சினையின் அளவை எவ்வளவு நம்பி அளக்கலாம்?

உலகச் செய்தியைப் படித்துவிட்டு ‘இது உண்மையிலேயே எவ்வளவு பெரிய பிரச்சினை?’ என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ (Our World in Data) என்ற இணையதளத்தைத்தான். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். வகுப்புக்காகவும் இதைத் திறக்கிறேன், செய்தி பார்த்து மனம் கலங்கும் இரவுகளிலும் திறக்கிறேன். நெடுநாள் பழக்கத்தில் இதன் பலமும் பலவீனமும் நன்றாகப் பிடிபட்டிருக்கின்றன.

மாக்ஸ் ரோசர் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 2014இல் வெளியிட்ட தளம் இது. இப்போது ஒரு லாப நோக்கற்ற அமைப்பு பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்துகிறது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு வரைபடத்தை யாரும் எங்கும் பயன்படுத்தலாம், தரவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். உலக வங்கி, ஐ.நா. அமைப்புகள், ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒழுங்குபடுத்தி ஒரே இடத்தில் தருவதுதான் பெரும்பாலும் இவர்கள் வேலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு எண்ணை எதால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று யோசிக்க வைப்பது. 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அவர்கள் கணக்கில் அதுவரை இல்லாத உச்சம். அதையே உலகின் மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் சுமார் 2.5 வருகிறது. 1960களில் அந்தப் பங்கு இதைப்போல் இருமடங்கு அல்லது அதற்கும் மேல். இரண்டும் உண்மை. பொருளாதாரத்தின் மேல் எவ்வளவு சுமை என்று கேட்டால் பங்கைப் பார்க்க வேண்டும். அந்தப் பணத்துக்கு எத்தனை ஏவுகணை வரும் என்று கேட்டால் மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டும். செய்தியில் வரும்போது எந்தக் கேள்விக்கு எந்த எண் என்பது சொல்லப்படுவதே இல்லை. இங்கே இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அப்புறம், செய்தியே ஆகாத பிரச்சினைகள். ஐந்து வயது நிறைவதற்குள் இறந்த குழந்தைகள் 1990இல் சுமார் 1.25 கோடி, 2022இல் சுமார் 49 லட்சம். பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் 49 லட்சம் என்றால் ஒரு நாளைக்குப் பதின்மூவாயிரம் குழந்தைகளுக்கு மேல். எல்லா நாளும் நடப்பதால் எந்த நாளும் அது தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஒரு போரின் அளவையோ ஒரு பொருளாதார நெருக்கடியின் அளவையோ பேசும்போது இந்த எண் என் மனதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மற்ற எண்களை நான் இதோடுதான் வைத்துப் பார்க்கிறேன்.

வறுமைப் பகுதிக்கு வருவோம். இங்கேதான் நிதானம் தேவை. 2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. உடனே 2022ஆம் ஆண்டுக்கான எண்ணிக்கை சுமார் 71.3 கோடியிலிருந்து 83.8 கோடி ஆனது. ஒரே இரவில் 12.5 கோடிப் பேர் ஏழையாகிவிடவில்லை. கோடு நகர்ந்தது, விலைக் கணக்கு புதுப்பிக்கப்பட்டது, அவ்வளவுதான். தளத்தில் இந்த மாற்றத்தை நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். அந்த 3 டாலர் நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்பட்ட டாலர் என்பதையும் சொல்கிறார்கள். ஆனால் சமூக ஊடகங்களில் சுற்றுவது வரைபடத்தின் படம் மட்டும்தான், விளக்கம் அதோடு போவதில்லை. இன்னொன்று: 1990க்குப் பிறகான வீழ்ச்சியில் பெரும் பங்கு சீனாவுடையது. உலகம் என்ற ஒற்றைக் கோட்டைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள், சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கட்டும். அங்கே கடும் வறுமையில் இருப்போரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஒரே கிளிக்தான், அதைச் செய்பவர்கள் குறைவு.

போர் மரணங்கள் பற்றிய பக்கத்தில் நான் மாணவர்களை அதிக நேரம் உட்கார வைப்பதுண்டு. 1994இல் ருவாண்டாவில் சுமார் நூறு நாட்களில் ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்கும் போர்த் தரவில் அரசு ஒரு தரப்பாக இருக்கும் ஆயுத மோதல்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். 1994 சாதாரண வருடம்போல் கடந்துபோகும். காரணம், ஆயுதம் ஏந்தாத மக்களை வேண்டுமென்றே கொல்வதை அவர்கள் ‘ஒருதலை வன்முறை’ என்ற தனி வகையில் வைக்கிறார்கள். அந்த வகையைச் சேர்த்ததும் கோடு செங்குத்தாக எழும். வகைப்படுத்தியதில் தவறில்லை, ஆய்வுக்கு அது தேவை. ஆனால் வகையைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு இனப்படுகொலையே கண்ணில் படாமல் போகும். அதைவிடக் கடினமானது, எந்த வகையிலும் சேராத மரணங்கள். போரால் மருத்துவமனை மூடி, பயிர் அழிந்து, காய்ச்சலிலும் பசியிலும் இறப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. காங்கோவில் 1998க்குப் பிறகான ஆண்டுகளில் இப்படி 54 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று சர்வதேச மீட்புக் குழு என்ற நிவாரண அமைப்பு 2008இல் மதிப்பிட்டது. அந்த எண்ணை வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எவ்வளவு குறைத்துக்கொண்டாலும், நேரடி மரணக் கணக்கு மட்டும் காட்டும் காங்கோ உண்மையான காங்கோ இல்லை.

அதனால் வரைபடத்துக்குக் கீழே இருக்கும் ‘இந்தத் தரவைப் பற்றி மேலும்’ என்ற பொத்தானை அழுத்தாமல் யாரும் இந்தத் தளத்தை மேற்கோள் காட்டக் கூடாது என்பது என் கருத்து. என்ன எண்ணப்பட்டது, யார் எண்ணினார்கள், எது விடுபட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. வேறு பல தளங்களில் அந்த விவரத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சிறு விஷயங்கள்: செங்குத்து அச்சு மடக்கை அளவில் (ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் பத்து மடங்கு என்பதுபோல்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த அளவில் பத்து மடங்கு உயர்வுகூடச் சின்ன ஏற்றமாகத் தெரியும். கைபேசியில் பார்க்க முடிகிறது, ஆனால் பல நாடுகளைச் சேர்த்தால் கோடுகள் நெரிசலாகிவிடும். தமிழில் இல்லை.

பொருளாதார நெருக்கடி எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தத் தளத்தை வைத்து மட்டும் கணிக்க முடியாது. நாட்டுக் கடன்களை ஒப்பிட நான் சர்வதேச நாணய நிதியத்தின் ‘டேட்டாமேப்பர்’ பக்கத்தைப் பயன்படுத்துகிறேன். அங்கேயும் அளவும் ஆபத்தும் ஒன்றல்ல. 2010இல் கிரீஸ் கடனில் மூழ்கித் தவித்தபோது, உற்பத்தியோடு ஒப்பிட்டால் ஜப்பானின் கடன் அதைவிட மிக அதிகம். ஜப்பான் தன் சொந்த நாணயத்தில், பெரும்பாலும் தன் மக்களிடமும் வங்கிகளிடமும் கடன் வாங்கியிருந்தது. கிரீஸுக்கு யூரோவை அச்சடிக்கும் அதிகாரம் இல்லை. சதவீத வரைபடம் இதைச் சொல்லாது, கடனின் தன்மையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு எல்லை, காலம். சரிபார்த்த தரவு வரத் தாமதமாகும். சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வீட்டை விட்டு விரட்டியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் அங்கே இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதியானது. பஞ்சம் என்று சொல்லவே கடுமையான அளவுகோல் உண்டு: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லாத நிலை, முப்பது சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறைவு, தினமும் பத்தாயிரத்தில் இரண்டு மரணம். அந்த எல்லையைத் தொடுவதற்குள் எத்தனையோ பேர் இறந்திருப்பார்கள். 2011 சோமாலியப் பஞ்சத்தில் இறந்த சுமார் 2.6 லட்சம் பேரில் கணிசமானவர்கள் ஜூலை மாத அறிவிப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஆகவே நடந்துகொண்டிருக்கும் போருக்கு ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலக அறிக்கைகளையும் பஞ்சத்தை இந்த அளவுகோலால் மதிப்பிடும் ஐபிசி அமைப்பின் உணவுப் பாதுகாப்பு வரைபடங்களையும் முதலில் பாருங்கள். ஓரிரு வருடம் கழித்து, அதை மற்ற போர்களோடு வைத்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், இந்தத் தளத்துக்கு வாருங்கள். அந்த வேலைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் வேறில்லை.