பழைய வெளிச்சுவருக்கு எது சரி: ஸ்கிம் கோட்டா, டெக்ஸ்சரா, புதுப்பூச்சா?

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. சிறுகல்லும் சீமெந்தும் கலந்து வீசியடித்த சொரசொரப்புதான் முன்சுவர் முழுக்க. கட்டிய காலத்தில் அதுதான் அழகு. இப்போது பள்ளமெல்லாம் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கிறது. மாற்றலாம் என்று விசாரித்தபோது, ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

எந்த வழியானாலும் முதல் வேலை சுவரைத் தட்டிப் பார்ப்பது. மேசன் பாஸ் சுத்தியல் பிடியால் ஒவ்வொரு முழத்துக்கும் தட்டிக்கொண்டே போனார். பெரும்பாலான இடங்களில் கனத்த சத்தம். யன்னலுக்குக் கீழே மட்டும் வெறும் டின்னைத் தட்டியதுபோலக் கேட்டது. அங்கே பூச்சு கல்லை விட்டுக் கழன்றுவிட்டது, அதன்மேல் எதைப் பூசினாலும் சேர்ந்தே விழும் என்றார்.

ஸ்கிம் கோட், அதாவது பழைய பூச்சின்மேல் மெல்லிசாக இழுக்கும் பூச்சு, செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அது இரண்டு, மூன்று மில்லிமீற்றர் கனம்தான். வழுவழுப்பான பழைய சுவரில் மயிரிழை வெடிப்பை மறைக்க அது போதும். எங்கள் சுவர்போல மேடுபள்ளம் உள்ளதை அது நிரப்பாது. வாங்கும்போது வெளிச்சுவருக்கென்றே உள்ள சீமெந்துக் கலவையா என்று பையைத் திருப்பிப் படியுங்கள். உள்சுவருக்கான பட்டி மழையில் ஊறி இளகிவிடும்.

டெக்ஸ்சர், அதாவது சொரசொரப்பாக நிற்கும் அலங்காரப் பூச்சு, அடித்த புது வீடுகள் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அக்ரிலிக் சேர்ந்ததால் கொஞ்சம் இழுபடும், சின்ன வெடிப்பைத் தாங்கும், சுவரின் கோணலையும் மறைக்கும். எனக்குப் பிடிக்காதது அந்தச் சொரசொரப்பு. ஒரு சொரசொரப்பைக் கொத்தி எறிந்துவிட்டு இன்னொன்றை ஏற்றுவானேன்? தூசியும் பாசியும் அதிலும் தங்கும். ஓர் இடத்தில் உடைந்தால் ஒட்டுப்போட்டது தனியாகத் தெரியும். கூரை நன்றாக நீண்டு மழை படாத மேல்சுவருக்கு வேண்டுமானால் சரி.

கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான் அதிகச் செலவு, அதிகத் தூசி. சாரம் கட்ட வேண்டும், பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனாலும் கடற்கரைப் பக்கத்து வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு, அதாவது சீமெந்து, சுண்ணாம்பு, மணல். சுண்ணாம்பு சேர்ந்தால் பூச்சு விறைக்காது, வெடிப்பும் குறையும். மணல் உப்பில்லாததாக இருக்க வேண்டும். கழுவாத கடல்மணல் கலந்தால் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக உப்புப் பூக்கும். கொங்கிறீற் பீமும் செங்கல்லும் சந்திக்கும் கோட்டில் கோழிக் கம்பிவலை அடித்துவிட்டுத்தான் பூச வேண்டும். இரண்டும் ஒரேயளவில் விரிந்து சுருங்குவதில்லை, வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். பூசியபின் ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும். பெயின்ட்டுக்கு முன் ஒரு மாதம் பொறுக்க வேண்டும், ஈரச் சீமெந்தின் காரம் பெயின்ட்டை உரித்துவிடும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு உங்களுடையதா? அப்படியானால் இந்த அலசல் முழுக்கத் திரும்பிவிடும். பெரியம்மா வீட்டில் அப்படியான சுவரில் தனிச் சீமெந்து பூசினார்கள். சுவருக்குள் ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல், இரண்டு மழைக்காலத்துக்குள் தட்டையாகக் கழன்று விழுந்தது. விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தேன்: முன்பக்கம் பெயின்ட் புதுசுபோல, பின்பக்கம் பழைய சுண்ணாம்பு ஈரமாய், மாவாய் ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுவர் மூச்சுவிட இடம்தரும் வெள்ளையடிப்பும்தான். தெரிந்த பாஸ் கிடைப்பது கஷ்டம், மெதுவாகத்தான் இறுகும், ஆனாலும் அதுதான்.

எங்கள் வேலையைத் தைப்பொங்கல் கழிந்ததும் தொடங்குகிறோம். மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன் பூசி, காய்ந்து, பெயின்ட் இரண்டு கோட் முடிந்துவிட வேண்டும். யன்னலுக்குக் கீழே கழன்ற பகுதியைத்தான் முதலில் கொத்தச் சொல்லியிருக்கிறேன்.