தென்மலைப் பக்கம் பிரேக் பைப் மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

செங்கோட்டை, புளியரைக்காரர்கள் பலர் வண்டி வேலைக்குக் கேரளா பக்கம் போகிறோம். போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனால் பிரேக் பைப் வேலை என்றால், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்க.

என்னுடையது 97 மாடல் மாருதி 800. பின் சக்கரத்துக்குப் போகிற பைப் துருவேறி ஆயில் கசிந்தது. தென்மலைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன் (புகார் நடப்பதால் பெயர் போடவில்லை). "பைப் முழுசும் புதுசு" என்று 3,200 ரூபாய்க்கு பில். அடியில் கறுப்பு பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள், துருப் பிடிக்காமல் இருக்கவாம்!

பிறகு ஒருநாள் புனலூரிலிருந்து திரும்பும்போது, ஆரியங்காவு ஏற்றம் வரை ஒன்றும் தெரியவில்லை. புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டது. முன்னால் ஒரு லாரி. டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் (ஒரு வழி ஆயில் போனாலும் இன்னொரு வழி வேலை செய்கிற இரட்டை அமைப்பு) என்பதால் பாதி பிரேக்காவது மிச்சம் இருந்தது. கியரை இறக்கி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து ஓரங்கட்டினேன்.

செங்கோட்டை மெக்கானிக் அடியில் படுத்ததுமே சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, இந்த எடத்துல மட்டும் பெயின்ட் பொங்கி நிக்குது பாருங்க." பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். சுரண்டிப் பார்த்தால், பழைய இரும்பு பைப்பை நடுவில் அறுத்து, ஒரு முழம் செம்பு பைப்பைச் செருகி, இரண்டு பக்கமும் பித்தளை ஜாயின்ட். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போடுகிற சரக்கு. ஃப்ரிட்ஜில் அழுத்தம் 10, 15 பார் இருக்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் 80 பார்கூடப் போகும். வெறும் செம்பு அதிர்ந்து அதிர்ந்தே இறுகி வெடிப்பு விடும். இரும்பு பைப்பும், முனையில் டபுள் ஃப்ளேரும்தான் (பைப் வாயை இரண்டு மடிப்பாக விரித்து இறுக்குவது) முறை. முழு பைப்பும் மாற்றியிருந்தால், கழற்றிய பழசு ஓர் ஆள் உயரமாவது இருக்கும். அதைக் கையில் கேளுங்க, மாற்றாதவர்கள் எடுத்துத் தர மாட்டார்கள்.

தென்மலைப் பட்டறைக்காரரிடம் போனில் கேட்டேன். "வோல்வோ கார்லயே காப்பர்தான் சார்" என்றார். அது நிக்கல் கலந்து பிரேக்குக்கென்றே செய்கிற பைப். அதைச் சொன்னதும், "ஸ்டேட் தாண்டி வந்து பேசுங்க" என்று வைத்துவிட்டார்.

தாண்ட வேண்டியதே இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் கொடுக்கணும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் பதியலாம். நான் பில்லோடு அந்தச் செம்புத் துண்டின் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். துண்டு என்னிடம்தான் இருக்கிறது, பார்க்க நினைக்கிறவர்கள் வரலாம்.